ஜெனரேட்டர்க்காரன் அடைகாத்த மதியம்

ஜெனரேட்டர் மெக்கானிக் சங்கத்து வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "பாய், நீங்க பாத்த ரிப்பேர்லயே ரொம்பக் கஷ்டமானது எது?" எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். கடையை இப்போது மருமகன் பார்த்துக்கொள்கிறார். மேலப்பாளையத்தில் வாசலில் நாற்காலி போட்டு, போகிறவர் வருகிறவரை வம்புக்கு இழுப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கார்புரேட்டரைக் கழற்றுவது எப்படி என்று இதில் தேடாதீர்கள், அதை உங்கள் கையிலிருக்கிற போன் என்னைவிட நன்றாகச் சொல்லித் தரும். நான் சொல்லப்போகிற ரிப்பேரில் மிசினுக்கு ஒரு கோளாறும் இல்லை.

பெரிய ஜெனரேட்டர் பார்க்கிறவர்களுக்கு கல்யாண மண்டபமும் ஜவுளிக்கடையும் வாய்க்கும். நம்மைப் போலக் கையால் தூக்குகிற மிசினைப் பார்க்கிறவர்களுக்கு வீடுதான். வீட்டுக்காரர்கள் மிசினை வாங்கின அன்றே அதைக் குடும்பத்தில் ஒரு ஆளாக்கிவிடுவார்கள். வள்ளியூரில் ஒரு அண்ணாச்சி புது ஜெனரேட்டருக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டு, பெட்ரோல் ஊற்றிய டாங்க்கின் மூடியைக்கூட மூடாமல், தட்டில் சூடத்தைக் கொளுத்திக்கொண்டு வந்தார். நான் பாய்ந்துபோய்க் குறுக்கே நின்றேன்.

"என்னவே, சாமி காரியத்துல வந்து மறிக்கீரு?" என்று முறைத்தார்.

"அண்ணாச்சி, சாமி இங்கன வரணுமா, இல்ல நாம எல்லாரும் இப்பவே அங்கன போகணுமா?" என்றேன்.

மனிதர் டாங்க்கைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், சிரித்துவிட்டார். எலுமிச்சம்பழத்தோடு பூசை முடிந்தது. எங்கள் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? சாம்பிராணிச் சட்டியைப் புகையப் புகைய மிசின் பக்கத்தில் வைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பாசம்தான் மிசினை வைக்கக்கூடாத இடத்தில் கொண்டுபோய் வைக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். செல்லத்தாய் வீட்டில் நடந்தது அதுதான்.

செல்லத்தாய் மாஞ்சோலையில் தேயிலைக் கொழுந்து பறித்தவள். அங்கே எஸ்டேட்டை மூடிவிட, எல்லோரும் மலையைவிட்டு இறங்கியபோது, அவளும் புருசன் தங்கராசும் சேரன்மகாதேவிப் பக்கம் வயலோரமாக ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். கூட இறங்கின நாலைந்து குடும்பங்களும் அதே வரிசையில் குடிவந்தன. கீழே வந்து என்ன செய்வது என்று ஆளாளுக்கு முழித்துக்கொண்டிருந்தபோது, நாட்டுக்கோழி முட்டையைப் பெட்டியில் வைத்துப் பொரித்துக் குஞ்சு விற்கலாம் என்று அவள்தான் துணிந்தாள். பெட்டி என்றால் இன்குபேட்டர். கோழியின் வயிற்றுச் சூட்டை அது மாறாமல் வைத்திருக்கும். கரண்ட் போனால் சூடு போகும், சூடு வெகுநேரம் போனால் உள்ளே இருக்கிற குஞ்சும் போய்விடும். அதற்காகத்தான் என்னிடம் பழைய ஜெனரேட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு போனாள்.

முதல் தடவையாகப் பெட்டி நிறைய முட்டை வைத்தது அந்தக் கார்த்திகையில். அக்கம்பக்கத்தார் எல்லோரும் தங்கள் வீட்டு முட்டையைக் கொடுத்திருந்தார்கள். குஞ்சு வந்தால் அந்த வரிசை முழுவதற்கும் ஒரு பிழைப்பு. வராவிட்டால் தங்கராசு கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போவதாகப் பேச்சு. மலையிலும் ஒன்றாக இருந்தோம், கீழேயும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பது செல்லத்தாயின் பிடிவாதம்.

அடைமழை. ஊரெல்லாம் கரண்ட் போயிருந்தது. காலையில் நான் கடை ஷட்டரைத் தூக்குகிற நேரம் அவளிடமிருந்து போன் வந்தது.

"பாய், மிசின் அணைஞ்சு அணைஞ்சு போகுது. கயித்த இழுத்தா ஓடுது, கொஞ்ச நேரத்துல இழுத்துக்கிட்டு நின்னுருது. குஞ்சு எல்லாம் ஓட்டுக்குள்ள இருந்து கத்துது பாய். இன்னைக்குப் பொரிக்கணும்."

மழைக்காலத்தில் இந்தப் புகார் வந்தால் நீங்கள் என்ன கேட்பீர்களோ அதையேதான் நானும் கேட்டேன். "பெட்ரோல்ல தண்ணி விழுந்திருக்கா தாயி?"

"தண்ணி எப்படி விழும்? சொட்டு படாம உள்ளல்லா வச்சிருக்கேன்."

"உள்ளன்னா எங்கன?"

"பெட்டி பக்கத்துலதான். கதவு, சன்னல் எல்லாம் சாத்தி, இடுக்குல துணிய வச்சு அடைச்சிருக்கேன். குளிர் ஏறிரும்லா."

"தங்கராசு எங்க?" என்றேன்.

"உள்ளதான் படுத்திருக்காவ. தலைவலின்னாவ. நேத்து மழையில நனைஞ்சது. எனக்கும் ஒரே கிறக்கமா வருது, ரெண்டு மட்டம் வாந்தி எடுத்துட்டேன். அத விடுங்க. மிசினுக்கு என்ன செய்யணும் சொல்லுங்க."

மிசின் விற்ற அன்றே வெளியே வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். வெயில் நாளில் வெளியேதான் வைத்து ஓட்டியிருக்கிறாள். மழை வந்ததும், ஆட்டுக்குட்டியை உள்ளே கொண்டுவருகிற மாதிரி தூக்கி வந்துவிட்டாள். இந்தத் தப்பை நம் ஆட்கள் பலர் செய்வார்கள். ஆனால் இடுக்கில் துணி திணிக்கிற அளவுக்கு, மலையில் குடும்பம் நடத்தினவர்கள்தான் செய்வார்கள். அங்கே மேகம் வீட்டுக்குள் வரும். கதவைச் சாத்தி, அடுப்பை எரியவிட்டு, அந்தப் புகையிலேயே பிள்ளை வளர்த்தவர்கள் அவர்கள். விறகுப் புகை கண்ணை எரிக்கும், இருமல் வரும், ஆளே எழுந்து வெளியே போய்விடுவார். ஜெனரேட்டர் விடுகிற காற்றில் பெட்ரோல் வாடை மட்டும்தான் தெரியும். அதற்குள் இருக்கிற விஷத்துக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. தலைவலியாக வரும், வாந்தியாக வரும், பிறகு தூக்கமாக வரும். அடைத்த அறையில் மிசினுக்கே மூச்சு முட்டித்தான் அது அணைந்து அணைந்து நின்றிருக்கிறது. அப்படி நின்றதால்தான் எனக்குப் போன் செய்யும் அளவுக்கு அவளுக்கு உயிர் மிச்சம் இருந்தது.

நான் கத்தினேன். "ஏ தாயி, மிசின அணை! கதவத் தொறந்து வெளிய ஓடு! ரெண்டு பேரும் செத்துப்போவீய!"

"காலங்காத்தால வாய வைக்காதீய பாய். கதவத் தொறந்தா குஞ்சு செத்துரும். புகைக்குப் பயந்தா மலையில அடுப்பு எரிக்க முடியுமா?" என்றாள். போன் கட்டாகிவிட்டது.

என் கடையில் ஒரு பழக்கம் உண்டு. மிசின் விற்றால் வீட்டுக்காரர் நம்பரோடு பக்கத்து வீட்டு நம்பரையும் வாங்கிக்கொள்வேன். "என்ன பாய், சம்பந்தம் பேசவா?" என்று கேலி பண்ணுவார்கள். பண்ணட்டும், நீங்களும் வாங்குங்கள். செல்லத்தாய்க்குப் பக்கத்து வீடு ராசாமணி. அவரும் மலையிலிருந்து இறங்கினவர், ஆட்டோ ஓட்டுகிறார். கூப்பிட்டேன். சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறேன், பத்தமடை தாண்டிவிட்டேன் என்றார். விஷயத்தைச் சொன்னதும், "ஐயோ" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். ஆட்டோ சீறுகிற சத்தம் கேட்டது. ஆனால் அவர் போய்ச் சேரும்வரை அந்தக் கதவு சாத்தியே இருக்கக்கூடாது. மேலப்பாளையத்திலிருந்து நான் போய்த் திறக்கவும் முடியாது. அவள்தான் திறக்க வேண்டும்.

ஷட்டரைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். அவள் பேசினதை மறுபடி நினைத்துப் பார்த்தேன். முட்டையைப் பற்றிப் பேசினாள், மிசினைப் பற்றிப் பேசினாள். வாந்தி எடுத்ததை மட்டும் "அத விடுங்க" என்று தள்ளிவிட்டாள். தன் உயிரை இரண்டாவதாக வைத்திருக்கிற ஒருத்தியிடம் போய் உயிர்ப் பயம் காட்டியிருக்கிறேன். அது எப்படி எடுபடும்? நமக்கு எது பெரிதோ அதைச் சொல்லிக் கத்துவதில் பிரயோசனம் இல்லை, தம்பிகளே. எதிரே இருக்கிறவருக்கு எது பெரிதோ அதன் பக்கமாய்ப் போய் நின்று பேச வேண்டும்.

மறுபடி அடித்தேன். வெகுநேரம் மணி போனது. எடுத்தபோது குரல் குழறியது.

பையப் பேசினேன். "தாயி, குஞ்சு ஓட்டுக்குள்ள கத்துதுன்னு சொன்னியே. இப்பவும் கத்துதா?"

"சத்தம் கொறைஞ்சிருக்கு பாய். அதான் எனக்குப் பயமா இருக்கு."

"அது கத்தணும்னா மூச்சு விடணும்லா? ஓட்டுக்குள்ள அதுக்குக் காத்து எப்படிப் போகுது?"

"ஓட்டுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்குல்லா."

"அந்த ஓட்டை வழியா இப்ப மிசின் விட்ட காத்துதான் போய்க்கிட்டு இருக்கு. அதுல விஷம் இருக்கு தாயி. குஞ்சுக்கு மூச்சு முட்டுது. கொஞ்ச நேரம் குளிர் பட்டா அது தாங்கும். தாய்க்கோழி இரை எடுக்க எந்திரிச்சுப் போகத்தான செய்யுது? இந்தக் காத்த அது தாங்காது. மிசின அணைச்சிட்டுக் கதவத் தொற. குஞ்சுக்கு நல்ல காத்தக் குடு."

மிசின் சத்தம் நின்றது. தாழ்ப்பாளை நீக்குகிற சத்தம் கேட்டது. அப்புறம் மழை இரைச்சல் போனுக்குள் வந்து நிறைந்தது. யா அல்லாஹ் என்று ஷட்டர் ஓரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நான் சொன்னது பொய் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பொய் சொல்லி ஒருவரை இணங்க வைத்தால் அடுத்த முறை நம் பேச்சு செல்லாது. குஞ்சுக்கும் அதே விஷம்தான், அவளுக்கும் அதே விஷம்தான். எதை முதலில் சொல்வது என்பதை மட்டும்தான் மாற்றினேன்.

"இப்ப தங்கராச எழுப்பு," என்றேன்.

அவள் கூப்பிடுவது கேட்டது. முதலில் சும்மா கூப்பிட்டாள், பிறகு பேர் சொல்லிக் கூப்பிட்டாள். புருசன் பேரை அவள் வாயால் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். "பாய், அவிய எந்திரிக்க மாட்டேங்காவ," என்று அழுதாள். அந்த நேரத்தில்தான் ராசாமணியின் ஆட்டோ வந்து நின்றது. அவரும் பக்கத்து வீட்டுப் பெண்களுமாகத் தங்கராசை வெளியே தூக்கி வந்து, மழையோடு மழையாக ஆட்டோவில் போட்டு, அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நான் லோடு ஆட்டோவில் நீளமான வயரை எல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மேலச்செவல் தாண்டி வயல் தண்ணீர் ரோட்டில் ஏறிக் கிடந்தது. வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. வீடு கதவும் சன்னலும் திறந்து கிடந்தது. செல்லத்தாய் வாசலில் சாரலில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. உள்ளே பெட்டியைச் சுற்றிப் பெண்கள் தங்கள் எஸ்டேட் கம்பளிகளைப் போர்த்தியிருந்தார்கள். அடுப்பில் வெந்நீர் காய்ச்சிப் பாட்டில்களில் ஊற்றி, ஆறினதை எடுத்துவிட்டுச் சூடானதை வைத்துக்கொண்டிருந்தார்கள். குளிரை விரட்டுவதற்கு மலைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"காத்துப் போற ஓட்டைய மட்டும் மூடாம விட்டிருக்கோம் பாய்," என்றாள் செல்லத்தாய்.

வீட்டுக்கு எதிரே தள்ளி, விறகு அடுக்க ஒரு தகரக் கொட்டகை இருந்தது. நாலு பக்கமும் திறப்பு. விறகை ஒதுக்கிவிட்டு மிசினை அங்கே வைத்து, புகை வீடுகளைப் பார்க்காமல் வயலைப் பார்க்கத் திருப்பி, வயரை இழுத்துக் கொடுத்தேன். முதல் இழுப்பிலேயே ஓடியது. கோளாறு இல்லை என்று முதலிலேயே சொன்னேனே.

அடுத்தது செல்லத்தாய். ராசாமணி ஆட்டோவோடு திரும்பி வந்து நிற்கிறார், இவள் ஏற மாட்டேன் என்கிறாள்.

"நீயும் அதே காத்தத்தான குடிச்ச? டாக்டர்ட்ட காட்டணும், ஏறு," என்றேன்.

"நான் போயிட்டா இத யாரு பாக்கது?"

"நான் பாக்கேன்."

"ஒங்களுக்கு என்ன தெரியும்? முட்டைய ஆம்லேட்டாத்தான் பாத்திருப்பீய."

அந்த நிலைமையிலும் அவளுக்கு வாய் குறையவில்லை என்பதில் எனக்குச் சந்தோசம்தான். "தெரியாது. நீ போன்ல சொல்லு, சொன்னபடி செய்யுதேன். ஒண்ணுகூட நானா செய்ய மாட்டேன்," என்றேன். என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு ஏறினாள்.

இப்படித்தான் வாழ்நாளெல்லாம் இன்ஜினோடு மல்லுக்கட்டினவன், ஒரு மதியம் முழுக்க முட்டைக்கு முன்னால் உட்கார்ந்தேன். பெட்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் முட்டைகள் தெரிந்தன. எல்லாம் சும்மா கிடந்தன. ஒரு மோட்டாரைத் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியும், அதிர்வு தெரியும். இதில் எனக்கு ஒரு எழவும் தெரியவில்லை. காலையில் காற்று கெட்டதில் எல்லாமே போய்விட்டதோ என்று பயந்தேன். அவளிடம் என்ன சொல்லப்போகிறோம் என்பதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

அப்புறம் ஒரு முட்டையில் சின்னதாக விரிசல் தெரிந்தது. அதன் வழியாக ஒரு மூக்கு நுனி. நான் குதித்து எழுந்து போனைப் போட்டேன். "தாயி, ஒண்ணு மூக்க நீட்டிருச்சு! ஆனா அசையாம நிக்கி. ஓட்டக் கொஞ்சம் உரிச்சு விடட்டா?"

"பாய்!" ஆஸ்பத்திரியிலிருந்து அவள் போட்ட சத்தத்தில் போனையே தூர வைத்தேன். "கைய வச்சீயன்னா பாத்துக்கிடுங்க! மூடியத் தொறக்காதீய! அது இளைப்பாறுது. நாம உரிச்சா ரத்தம் வந்து செத்துரும். அதுவா வரும், சும்மா இரிங்க."

சும்மா இருந்தேன். காலையில் நான் கத்தினேன், அவள் கேட்கவில்லை. மதியம் அவள் கத்தினாள், நான் கேட்டேன். உங்களில் பலருக்கு ஸ்பேனர் கையில் இருந்தால் எதையாவது கழற்றியே ஆக வேண்டும். ஓடுகிற மிசினைத் திறந்து கெடுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தொடாமல் இருப்பதும் நம் வேலையில் ஒரு பாதிதான் என்று அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது நன்றாக உறைத்தது.

கை துறுதுறுத்தபோதெல்லாம் போனில் தங்கராசைப் பற்றிக் கேட்டேன். ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள் என்றாள். சரியாகிவிடும், கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். அவள் மூக்கிலும் கொஞ்ச நேரம் மாட்டி எடுத்தார்களாம். "கண்ண முழிக்காவ, திரும்ப மூடுதாவ. நான் யாருன்னு கேட்டா பேச மாட்டேங்காவ பாய். எனக்கு இந்தக் குஞ்சும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்போல இருக்கு," என்றாள். குரலில் காலையில் இருந்த வீம்பு எல்லாம் போயிருந்தது. முட்டைக்காகக் கதவை அடைத்தவள் முட்டையே வேண்டாம் என்றது எனக்குத் தாங்கவில்லை. "இன்னொண்ணு ஒடைக்குது தாயி," என்று மட்டும் சொன்னேன்.

மழை விட்டு வானம் வெறித்தது. முதல் குஞ்சு ஓட்டை உதைத்துத் தள்ளிவிட்டு, நனைந்த பஞ்சு மாதிரி வெளியே விழுந்தது. அதைப் பார்த்து அடுத்தது. பிறகு இங்கேயும் அங்கேயுமாக முட்டைகள் விரிந்தன. சில முட்டைகள் கடைசிவரை அசையவே இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வந்தவை அதிகம். உலர்ந்தவற்றை மட்டும் எடுத்து, துணி விரித்த அட்டைப் பெட்டியில் வெந்நீர்ப் பாட்டிலை ஓரமாய் வைத்து விடச் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் நானுமாக விட்டோம். விட்ட மாத்திரத்தில் அவை போட்ட கூச்சலில் வீடே நிறைந்துவிட்டது. என் வயதுக்கு நான் அப்படிச் சிரித்திருக்கக் கூடாது. அந்தப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் செல்லத்தாயைக் கூப்பிட்டேன். "போன ஸ்பீக்கர்ல போட்டு தங்கராசு காதுப் பக்கம் வையி," என்று சொல்லிவிட்டு, என் போனை அட்டைப் பெட்டிக்குள் நீட்டினேன். குஞ்சுகள் போனைக் கொத்திக்கொண்டு கத்தின.

அப்புறம் கரகரவென்று தங்கராசின் குரல் வந்தது.

"ஏளா செல்லத்தாயி, குஞ்சு இந்தக் கத்து கத்துதே. தண்ணி வச்சியா?"

அவள் அழுதாளா சிரித்தாளா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, நான்தான் எழுந்துபோய்த் தண்ணீர் வைத்தேன்.